கற்பூரவல்லி, பூண்டு போட்டு சேத்துப்புண்ணு போச்சா? உங்க அனுபவம் சொல்லுங்க

ஈசூன் அம்மா:
பையன் என்எஸ்ல (சிங்கப்பூர் கட்டாய ராணுவ சேவை) இருக்கான், தெக்கோங் தீவு கேம்ப்ல. லீவுக்கு புக் அவுட் ஆகி வந்தவன் வீட்டுக்குள்ள வராம வாசல்லயே உக்காந்துட்டான். சாக்ஸ உருவுனா சுண்டுவிரல் இடுக்கெல்லாம் வெள்ளையா ஊறி தோல் பிளந்து கிடக்கு. என் மாமியார் ஒண்ணும் பேசல, காரிடார் தொட்டியில கற்பூரவல்லி இலை கிள்ளிட்டு வந்து அடுப்புல லேசா வாட்டி, அவன் கால நல்லா கழுவி துடைச்சு, சாறு பிழிஞ்சு விட்டாங்க. யாரையும் கால தொட விடாத பையன் அவங்க மடியில கால நீட்டி கண்ண மூடிக்கிட்டு "பாட்டி, அரிப்பு நின்னுருச்சு"ன்னான். அடுத்த வாரமே திரும்ப வந்துருச்சு, அப்புறம் பாலிகிளினிக்ல குடுத்த குளோட்ரிமசோல்ங்கிற பூஞ்சை கிரீம்லதான் போச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி நின்னது இலையாலயா, கால காயவெச்சதாலயா? இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு.

துவாஸ் தம்பி:
அக்கா, கற்பூரவல்லி பரவால்ல, பச்சைப் பூண்டு பக்கம் மட்டும் போயிராதீங்க. எங்க டார்மிட்டரில ஒரு அண்ணன் பூண்ட நசுக்கி துணியில வெச்சு கால் விரலோட கட்டிட்டு படுத்தாரு. எரியுதாண்ணேன்னு கேட்டதுக்கு எரிஞ்சாதான்டா மருந்துன்னாரு. காலைல லாரிக்கு கெளம்புறப்ப துணிய அவுத்தா தோலும் சேந்து வருது. கிளினிக்கு கூட்டிட்டுப் போனேன், நர்ஸம்மா மாஸ்க் போட்டிருந்தாங்க, கால பாக்கக்கூட இல்ல, நாங்க உள்ள நுழைஞ்சதும் "பூண்டு வெச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. அப்ப எத்தன பேரு இப்படி வந்திருப்பாங்கன்னு நெனச்சேன்.

காரிடார் தோட்டம்:
துவாஸ் தம்பி, பூண்ட குத்தம் சொல்லாதீங்க. எனக்கு கழுத்துல படர்தாமரை வந்தப்ப பூண்டெண்ணெய்தான் போட்டேன், போச்சு. பூண்ட நசுக்கி எண்ணெயில ஊற வெச்சா அஜோயின்னு ஒண்ணு உண்டாகும், அதுதான் பூஞ்சைய கொல்லுது. வெனிசுலா ராணுவ வீரங்க 70 பேருக்கு சேத்துப்புண்ணுக்கு இத கிரீமா குடுத்துப் பாத்த ஆய்வு 2000ல வந்துச்சு, 1% அஜோயின், டாக்டருங்க குடுக்குற டெர்பினஃபின்ங்கிற பூஞ்சை கிரீமுக்கு சளைக்கல. கற்பூரவல்லியிலயும் கார்வக்ரால், தைமால்னு வாசனைப் பொருளுங்க இருக்கு, ஓமத்துலயும் தைமால்தான், அதான் ரெண்டும் ஒரே மாதிரி வாசம். அப்புறம் ஈசூன் அம்மா, கேட்கலன்னாலும் சொல்றேன், பையனுக்கு சாக்ஸ் ரெண்டு செட்டு கூட குடுத்து விடுங்க, பூட்ஸ் உள்ள காயாம திரும்ப போடக்கூடாது, கால் துடைக்கிற துண்டால இடுப்ப துடைக்கக்கூடாது, தொடை இடுக்குக்கும் பரவிரும், படுக்கும்போது விரலுக்கு நடுவுல பவுடர் போடச் சொல்லுங்க, வீட்ல எல்லாரும் ஒரே செருப்ப போட்டு பாத்ரூம் போறத மொதல்ல நிறுத்துங்க.

உட்லண்ட்ஸ் அக்கா:
தோட்டம், அது அளவு பாத்து செஞ்ச கிரீம். நம்ம அம்மில நசுக்குன பூண்டுல எவ்ளோ இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லி இன்னொருத்தர் கால பொசுக்காதீங்க. என்னைக் கேட்டா இலை பூண்டெல்லாம் விட மோசம் ஊர்லேர்ந்து வர்ற ட்யூபுங்க. என் தங்கச்சி இடுப்புல படர்தாமரைக்கு அப்படி ஒண்ணு போட்டா, மூணாம் நாளே அரிப்பு இல்ல, செவப்பு இல்ல. பாத்தா உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்ப அடக்கிட்டு பூஞ்சைய வளரவிட்டுரும், நிறுத்துனதும் வட்டமே இல்லாம முதுகு வரைக்கும் பரவி, ஸ்கின் டாக்டரே மொதல்ல வேற என்னமோன்னு நெனச்சாரு. அவ சட்டைய தூக்கிக் காட்டினப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

இன்னொண்ணு, தேமலுக்கு கற்பூரவல்லி போட்டு "போகலையே"ன்னு சொல்றவங்களுக்கு: பூஞ்சை செத்தப்புறமும் வெள்ளைத் திட்டு மாசக்கணக்குல இருக்கும், நெறம் திரும்ப டைம் எடுக்கும். அதுக்காக மேல மேல எதையாவது தேய்க்காதீங்க.

துவாஸ் தம்பி:
தோட்டம் அண்ணே, ஆய்வெல்லாம் சரி. அந்த அண்ணனுக்கு சுகர் இருக்குன்னு அன்னிக்கு கிளினிக்லதான் தெரிஞ்சுது. எரியுதுன்னாரே ஒழிய, எந்திரிச்சு கழட்டிப் போடுற அளவுக்கு அவருக்கு வலி தெரியல. தோலு உரியிற வரைக்கும் தூங்கிருக்காரு. சுகர் உள்ளவங்க யாரும் கால்ல பூண்டு வெச்சுக் கட்டாதீங்க, எண்ணெயும் வேணாம், நேரா டாக்டர்கிட்ட போங்க.