அமர்வுக்கு வர விரும்பாத தந்தையை எப்படி அணுகுவது?

கேள்வி

குடும்ப சிகிச்சையில் பயிற்சி பெற்றுவரும் ஆலோசகர் நான். பள்ளிக்குப் போக மறுக்கும் 15 வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் என்னிடம் வருகிறார். இருவரும் நான்கு அமர்வுகளுக்குத் தவறாமல் வந்துவிட்டார்கள். தந்தை நான்காவது அமர்வுக்கு மட்டும் வந்தார். கதவுக்கு அருகிலிருந்த நாற்காலியில் அமர்ந்து, வண்டிச் சாவியைக் கையிலிருந்து கீழே வைக்காமலேயே 50 நிமிடங்களையும் கழித்தார். எதைக் கேட்டாலும், "அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றார். இனி வரமாட்டாராம். அவர் வரும்வரை அமர்வுகளை நிறுத்திவைப்பதா, அவர் இல்லாமலேயே தொடர்வதா? வற்புறுத்தினால் இன்னும் விலகிவிடுவாரோ என்றும், விட்டுவிட்டால் அவருக்கு இதில் இடமில்லை என்று நானே சொன்னதாகிவிடுமோ என்றும் தவிக்கிறேன்.

மறுமொழி 1

அவர் சொன்ன பதிலை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உள்ளபடியே உண்மையாக இருக்கலாம். மூன்று அமர்வுகள் முடிந்தபின் உள்ளே நுழையும் ஒருவருக்கு, தன்னைப் பற்றி இங்கே ஏற்கெனவே பேசித் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். வருபவர் ஒத்துழைக்க மறுக்கிறார் என்று சொல்லும் 'எதிர்ப்பு' என்ற கருத்தே சிகிச்சையாளரின் பார்வையை மறைக்கிறது என்று குடும்ப சிகிச்சையாளர் ஸ்டீவ் டி ஷேசர் 1984-இல் வாதிட்டார். ஒவ்வொருவரும் தமக்கே உரிய முறையில் ஒத்துழைக்கிறார்கள், அந்த முறையைக் கண்டுகொள்வது நம் வேலை என்பது அவர் நிலைப்பாடு. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டாவது அவர் 50 நிமிடங்கள் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் சிறிதாக நினைக்கமாட்டேன்.

தாய் மூலம் சொல்லி அனுப்பாமல் நீங்களே அவரிடம் தொலைபேசியில் பேசுங்கள். மனைவி வழியாகப் போகும் அழைப்பு, வீட்டில் இன்னொரு புகாராக மாறிவிடும். "உங்கள் மகனை நான் நான்கு மணிநேரம்கூடப் பார்த்ததில்லை, நீங்கள் 15 ஆண்டுகளாகப் பார்க்கிறீர்கள், நான் எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முன்பு வர மறுத்த ஒரு பாட்டியிடம் இப்படிக் கேட்டபோது, வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "என்னைத் திட்டத்தான் கூப்பிடுறீங்கன்னு நினைச்சேன்" என்றார். பெரும்பாலான தயக்கங்களுக்கு அடியில் நான் கண்டது இந்த அச்சத்தைத்தான்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அமர்வுகளை நிறுத்திவைக்க வேண்டாம். முழுக் குடும்பமும் வந்தால்தான் தொடங்குவேன் என்பது குடும்ப சிகிச்சை முன்னோடி கார்ல் விட்டேக்கரின் வழி. இன்னொரு முன்னோடியான மர்ரே போவனோ, மாற்றத்தில் மிகுந்த அக்கறை கொண்ட ஒருவரோடு மட்டும் பணியாற்றியே குடும்பத்தை அசைக்க முடியும் என்று கருதினார். ஒருவர் மாறும்போது அவரைச் சுற்றியுள்ளவர்கள் பழைய இடத்திலேயே நிற்பது கடினமாகிவிடுகிறது என்பதால், நான் இரண்டாவது வழியையே நம்புகிறேன்.

வராதவரையும் பேச்சுக்குள் கொண்டுவரலாம். "அம்மா இப்போது சொன்னதை அப்பா கேட்டிருந்தால் எந்த இடத்தில் இடைமறித்திருப்பார்?" என்று மகனிடம் கேளுங்கள், இத்தாலியின் மிலான் குழு சிகிச்சையாளர்கள் வளர்த்தெடுத்த சுழற்சிக் கேள்விகளின், அதாவது ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் கேள்விகளின், பயன் இங்கேதான் தெரியும். தந்தையைத் தனியே சந்திப்பதாக இருந்தால், அங்கே சொல்லப்படுவதில் எது பொது அமர்வுக்கு வரும், எது வராது என்பதை முன்கூட்டியே மூவரிடமும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால், பிறகு ஒருவருடைய இரகசியத்தைச் சுமந்துகொண்டு நடுநிலையாக இருக்க முடியாது.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அவரை அழைப்பதற்கு முன், தாயையும் மகனையும் தனித்தனியே சந்தித்து, வீட்டில் அடியோ மிரட்டலோ இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். அமர்வில் சொன்ன சொல்லுக்கு வீட்டில் தண்டனை கிடைக்குமென்றால், எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைப்பதே தீங்காகிவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தாயிடமும் மகனிடமும் தனித்தனியே கேட்டேன். அப்படியொரு அச்சம் இல்லை என்று இருவரும் தயக்கமின்றிச் சொன்னார்கள். அதன்பின் தந்தையை அழைத்து, எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பேன் என்று கேட்டேன். மகனைக் காலையில் பள்ளியில் இறக்கிவிடும் பத்து நிமிடங்களில்தான் தாங்கள் இருவரும் பேசிக்கொள்வது வழக்கமென்றும், வேலை நேரம் மாறியபின் அது நின்றுபோனதென்றும், மகன் பள்ளியை வெறுக்கத் தொடங்கியது அதற்கும் முன்பே என்றும் சொன்னார். இந்த வரிசையை நான் முற்றிலும் வேறாக எழுதிவைத்திருந்தேன். அடுத்த வாரம் அரைமணி நேரம் மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கதவருகே உள்ள நாற்காலியை அங்கேயே விட்டுவைக்கிறேன்.