பக்திப் பாடலை வகுப்பறையில் எப்படி வாசிப்பது?

முதலாண்டு மாணவி:
சமயம், இலக்கியம், பண்பாடு மூன்றையும் இணைத்துக் கற்பிக்கும் முதுகலைப் பாடம் ஒன்றில் இந்தப் பருவத்தில் சேர்ந்திருக்கிறேன். சிறு வயதிலிருந்தே மனப்பாடமாகத் தெரிந்த நூல் என்பதால், முதல் கட்டுரையைத் திருப்பாவை பற்றி எழுதினேன். கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில், "இது பாராட்டு; வாசிப்பு எங்கே?" என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. நம்பிக்கை உள்ளவர்கள் அதைச் செருப்பைப் போல வாசலில் விட்டுவிட்டுத்தான் இத்தகைய வகுப்புக்குள் நுழைய வேண்டுமா?

பாடம் நடத்தும் ஒருவர்:
வேண்டியதில்லை. உங்கள் ஆசிரியர் கேட்டிருப்பது வேறு. முதல் 29 பாசுரங்களும் ஆயர்பாடிப் பெண்களின் குரலில் அமைந்தவை. 29ஆம் பாசுரத்தில் "உனக்கே நாம் ஆட்செய்வோம்" என்று அவர்கள் தன்மைப் பன்மையில் பேசுகிறார்கள். அடுத்த பாசுரத்திலேயே அதே பெண்கள் "சேயிழையார்" என்று படர்க்கைக்குப் போய்விடுகிறார்கள். "பட்டர்பிரான் கோதை சொன்ன" என்று கவிஞரின் பெயர் வருகிறது; கோதை என்பது ஆண்டாள்தான். "இங்கு இப்பரிசு உரைப்பார்" என்று, பாடலைச் சொல்லப்போகிறவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். ஆக, அந்த "நாம்" யார்? பெண்களா, கோதையா, இன்று அதை வாய்விட்டுச் சொல்பவரா? நூற்பயன் சொல்லி முடிப்பது மற்ற ஆழ்வார்களிடமும் உள்ள மரபுதானே என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால், 29 பாசுரங்கள் ஒரு குழுவாகப் பேசிய நூலில் அந்த மரபு என்ன வேலை செய்கிறது என்பதை நீங்கள் காட்ட வேண்டும். இந்த விவாதத்தில் நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வரியைச் சுட்டிப் பேச முடியும். பாராட்டில் அதற்கு இடமில்லை.

சமய ஆய்வு மாணவர்:
பாடத்திட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒரு சமயத்தின் உள்ளிருந்து அதன் கோட்பாட்டை விளக்கும் இறையியல் வேறு, சமய ஆய்வு வேறு. நினியன் ஸ்மார்ட் 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமய ஆய்வுத் துறையைத் தொடங்கியவர்; சடங்கு, கதை, அனுபவம், அறநெறி, சமூக அமைப்பு முதலியவற்றோடு கோட்பாட்டையும் சமயத்தின் பரிமாணங்களுள் ஒன்றாகவே அவர் வைத்தார். உங்கள் கட்டுரை ஒருவேளை கோட்பாட்டோடு நின்றிருக்கலாம்.

மானுடவியல் படிப்பவர்:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. வெளியில் நின்று பார்ப்பதும் நடுநிலை ஆகிவிடாது. எல்லாச் சமூகத்துக்கும் பொதுவானது என்று நாம் கருதும் "சமயம்" என்ற வகைப்பாடே ஐரோப்பியக் கிறித்தவத்தின் குறிப்பிட்ட வரலாற்றில் உருவானது என்று மானுடவியலாளர் தலால் ஆசாத் 1993இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். சமயம் என்றால் மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கை என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், திருப்பாவையைச் சேர்ந்து சொல்வது என்ற செயல் கட்டுரையிலிருந்து நழுவிவிடும். இன்னொன்று, பழைய உரையாசிரியர்களை "அவர்கள் பக்தர்கள்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையான மூவாயிரப்படியைப் படித்தால், ஒவ்வொரு சொல்லாக நின்று பொருள் தேடும் வாசிப்பைக் காணலாம். இன்றைய கருத்தரங்குக் கட்டுரைகள் சிலவற்றில் அந்தப் பொறுமையை நான் கண்டதில்லை.

முதலாண்டு மாணவி:
அனைவருக்கும் நன்றி. கட்டுரையைத் திருத்தி எழுத இரண்டு வாரம் தந்திருக்கிறார்கள். மூவாயிரப்படியை நூலகத்திலிருந்து எடுத்து வந்துவிட்டேன். முப்பதாம் பாசுரம் வெறும் பயன் சொல்லும் பாட்டு என்று நினைத்து, அதை விட்டுவிட்டுத்தான் முதல் கட்டுரையை எழுதியிருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.