பையன் என் நோட்டை போட்டோ எடுத்துட்டான். இதுக்கு என்ன பேரு?

மோட்டார்பட்டறை_காவேரிப்பட்டணம்:

வணக்கம். எனக்கு வயசு 54. காவேரிப்பட்டணத்துல 26 வருஷமா மோட்டார் காயில் கட்டுற பட்டறை வச்சிருக்கேன். வர்றதுல முக்கால்வாசி போர் மோட்டார். நம்ம பக்கம் ஆயிரம் அடி போட்டாலும் தண்ணி வருமான்னு தெரியாது, ஆனா மோட்டார் மட்டும் தவறாம எரியும். கோடையில மூச்சு விட நேரம் இருக்காது.

பத்து மாசம் முன்னாடி ஒரு பையன் சேர்ந்தான். 22 வயசு, ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சவன். நாள் கூலி 550. வேலையில குறை சொல்ல முடியாது, அதான் எனக்கு எரிச்சலே. லீவுன்னா காலையில 7 மணிக்கு வாட்ஸ்அப்ல "ணா இன்னைக்கு வரல". அவ்வளவுதான். ஏன்னு ஒரு வார்த்தை கிடையாது. போன் அடிச்சா எடுக்க மாட்டான், கட் பண்ணிட்டு மெசேஜ் போடுவான். ஞாயிறு லீவு வேணும்னு முதல் வாரமே கேட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு விவசாயி டெம்போவுல மோட்டாரை ஏத்திட்டு வந்து, தக்காளி காயுதுங்கன்னு கையைப் பிசைஞ்சிட்டு நிக்கிறாரு. இவன் சோப்பு போட்டு கையைக் கழுவிட்டு ஹெல்மெட்டை மாட்டுறான். டீ வாங்கிட்டு வாடான்னா, ஜிபே பண்ணிட்டு டீக்கடைப் பையனையே கொண்டுவரச் சொல்றான்! திட்டவும் முடியல, டீ சூடாத்தான் வருது.

நான் 1988-ல சேலத்துல தொழில் கத்துக்கிட்டவன். ரெண்டு வருஷம் டீ, பீடி வாங்குறதும் எரிஞ்ச காயிலை உளி வச்சு வெட்டி உருவுறதும்தான் வேலை. ஒரு காயிலுக்குக் கம்பியை எத்தனை சுத்து சுத்தணும்னு மேஸ்திரி சொல்லவே மாட்டாரு. முதுகைக் காட்டிட்டுத்தான் சுத்துவாரு. காயில் சுத்துற அந்தக் கைமிஷின் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தரம் கிரீச்சுங்கும். நான் டீ கிளாஸ் கழுவுற மாதிரி உட்கார்ந்து அந்தச் சத்தத்தை எண்ணுவேன். ராத்திரி பீடிக்கட்டு காகிதத்துல எழுதி வைப்பேன். அப்படிச் சேர்த்ததுதான் என் நோட்டு. எந்த மோட்டார், எத்தனை ஹெச்பி, காயில் உட்கார எத்தனை ஸ்லாட், எத்தனை சுத்து, என்ன கேஜ் (கனம்) கம்பி, எல்லாம் அதுல இருக்கு. மேஜை டிராயர்ல வச்சிருப்பேன், என் சம்சாரம்கூட தொட்டதில்லை.

போன வியாழக்கிழமை சாப்பிட்டுட்டு வந்து பாக்குறேன், நோட்டை மேஜையில விரிச்சு வச்சு பக்கம் பக்கமா போட்டோ எடுத்துட்டிருக்கான். ஒளிஞ்சுகூட எடுக்கல. நாளையில இருந்து வராதன்னுட்டேன். சரின்னு போயிட்டான். ஒரு சண்டை இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை.

ஐந்து நாளாச்சு, நாலு மோட்டார் குமிஞ்சு கிடக்கு. இந்தக் காலத்துப் பசங்ககிட்ட நீங்கள்லாம் எப்படிங்க வேலை வாங்குறீங்க?

பாலக்கோடு_லேத்:

நல்ல காரியம் பண்ணீங்க. என்கிட்ட நாலு வருஷம் இருந்தவன் எதிர் வாடையிலயே லேத் போட்டு, என் கஸ்டமரையே கூப்பிட்டான். இப்ப வர்றவன் போனை வாசல்லயே வாங்கி டப்பாவுல போட்டுடுவேன். அதனால மூணு பேர் வேலையை விட்டு நின்னுட்டாங்க, அது வேற கதை.

ஏ_ஷிஃப்ட்_ஓசூர்:

ணா, எனக்கு 24. கிருஷ்ணகிரியில இருந்து ஓசூருக்கு கம்பெனி பஸ்ல போறேன். ஏ ஷிஃப்ட்னா விடியகாலம் நாலேகாலுக்கு ரோட்டுல நிக்கணும். போன் லாக்கர்ல. லைன்ல ஒரே இடத்துல நின்னு ஒரே ஸ்க்ரூ. காண்ட்ராக்ட்ல இருக்கேன், சூப்பர்வைசருக்கு என் பேரு தெரியாது. நான் ஸ்க்ரூ முடுக்குற பாகம் எதுல போய் உட்காருதுன்னு கேட்டா, "உனக்கு எதுக்கு"ன்னு சொல்லுவாங்க. உங்க பையனுக்கு ஒரு முழு மோட்டாரைப் பிரிச்சுக் கட்டத் தெரியும். அவனைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு.

ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க டீ கிளாஸ் கழுவுற மாதிரி உட்கார்ந்து எண்ணினது என்னங்ணா? அவன் உங்க மேஜையில, பட்டப்பகல்ல, விரிச்சு வச்சு எடுத்திருக்கான். ரெண்டுல எது திருட்டு?

லீவுக்கு காரணம் எதுக்குணா? காரணம் சொன்னா நம்புவீங்களா? எங்க தாத்தாவை நான் காண்ட்ராக்டர்கிட்ட மூணு தடவை சாகடிச்சிருக்கேன்.

மோட்டார்பட்டறை_காவேரிப்பட்டணம்:

தம்பி, நான் எண்ணினது வயித்துக்காக. இவன் அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

ஏ_ஷிஃப்ட்_ஓசூர்:

மாந்தோப்புன்னா கிலோ என்ன விலைக்குப் போகுதுன்னு உங்களுக்கே தெரியும்ணா. மாம்பழக் கூழ் கம்பெனி வாசல்ல ராத்திரியெல்லாம் டிராக்டர்ல பெங்களூரா மாங்காயோட படுத்துக் கிடந்தவன் நான்.

துணிக்கடை_தருமபுரி:

நான் 19 வருஷமா துணிக்கடையில வேலை பார்க்கிறேன், சேலைப் பிரிவு. முதலாளிமார் இளசுகளைப் பற்றிப் பேசும்போது ஒன்று கவனித்திருக்கிறேன். பையன் கேட்பதையெல்லாம் திமிர் என்கிறார்கள், ஆனால் பாதி சட்டத்தில் இருக்கிறது. கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. வாரம் ஒரு நாள் விடுமுறை, நாளுக்கு 8 மணி நேரம், மேலே வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. உங்கள் மேஸ்திரி காலத்துக்கும் முந்தையது. நாங்கள்தான் கேட்காமல் இருந்தோம்.

2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டசபையில் திருத்தம் போட்டார்களே, எங்கள் கடைக்கும் நாலு ஸ்டூல் வந்தது. ஒரு மாதம் வரை நான் உட்காரவே இல்லை. கூச்சம். புதிதாகச் சேர்ந்த பெண்தான் முதலில் உட்கார்ந்தாள், முதலாளி அண்ணாச்சி நேராகப் பார்க்கும்போதே. எனக்குத்தான் வயிறு கலங்கியது. இப்போது முழங்கால் வலிக்கு நான்தான் அதிகமாக உட்காருகிறேன்.

விவசாயி வந்து நிற்கும்போது விட்டுவிட்டுப் போகிறான் என்பதில் மட்டும் உங்கள் பக்கம். அதற்குக் கூடுதல் பணம் தருவீர்களா என்று ஒருமுறையாவது பேசினீர்களா? அதைவிட முக்கியம், போட்டோ எதற்கு எடுத்தான் என்று அவனிடமே கேட்டீர்களா?

மோட்டார்பட்டறை_காவேரிப்பட்டணம்:

அன்னைக்குக் கேக்கல. நேத்துதான் கேட்டேன். போன் பண்ணினா எடுக்க மாட்டான்னு தெரியும், அதனால வாட்ஸ்அப்ல போட்டேன். "எதுக்குடா எடுத்த" அப்படின்னு மட்டும். ரெண்டே நிமிஷத்துல பதில் வந்துச்சு.

நோட்டுல ஆயில் ஊறி எழுத்து அழியுதாம். பென்சில்ல எழுதினது இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்காதாம். அதனால எல்லாத்தையும் போன்ல பட்டியலாக்கி ஏத்திட்டிருந்தானாம். முடிஞ்சதும் எனக்கு அனுப்பலாம்னு இருந்தானாம். அனுப்பியும் வச்சான். 112 மோட்டார். பதினோரு எடத்துல சிவப்பு போட்டு "ணா இது புரியல" அப்படின்னு எழுதியிருக்கான்.

அதுல ஒண்ணு ஏழரை ஹெச்பி. என் கையெழுத்துல 6-ம் 8-ம் ஒரே மாதிரி இருக்கும். "16 சுத்தா 18 சுத்தா? பென்னாகரம் மோட்டார் ரெண்டு தடவை திரும்பி வந்துச்சே ணா" அப்படின்னு கேட்டிருக்கான். சுத்து குறைஞ்சா ஆம்ப்ஸ் ஏறும், சூடாகும், எரியும். இது எனக்குத் தெரியாததா? அந்த மோட்டார் சொந்தக்காரர்கிட்ட ரெண்டு தடவையும் உங்க ஊர்ல வோல்டேஜ் சரியில்லைன்னு சொல்லி, ரெண்டாவது தடவை பாதிக் கூலியும் வாங்கினேன்.

துணிக்கடை அம்மா, ஆறு மணிக்கு மேல மணிக்கு 120 தர்றேன்னு சொல்லியிருக்கேன். 140 கேக்குறான். ஞாயிறு கிடையவே கிடையாதாம். திங்கக்கிழமை வர்றான்.

பாலக்கோடு_லேத்:

அந்தப் பட்டியல் அவன் போன்லயும் இருக்குல்ல?

மோட்டார்பட்டறை_காவேரிப்பட்டணம்:

இருக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க? பீடிக்கட்டு காகிதம் இன்னும் என்கிட்டயும்தான் இருக்கு. சேலத்து மேஸ்திரி பையன் போன வருஷம் போன் பண்ணி, அஞ்சு ஹெச்பி பழைய மாடல் ஒண்ணுக்கு சுத்து கேட்டான்.

பென்னாகரம் மோட்டாரை எடுத்து வரச் சொல்லியிருக்கேன். பிரிச்சு எண்ணிப் பார்த்துட்டு வந்து சொல்றேன்.