சிறிய நிறுவனத்துக்குச் செல்பேசி எண்ணை மாற்றலாமா? பெங்களூரு உறுப்பினர்களின் அனுபவங்கள்

பானசவாடி:

எங்கள் வீட்டில் நான்கு ப்ரீபெய்டு இணைப்புகள் உள்ளன. நான்கும் ஒரே பெரிய நிறுவனத்தைச் சேர்ந்தவை. 2024 ஜூலை மாதத் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தியபோது, நாங்கள் போட்டுவந்த 239 ரூபாய்த் திட்டம் 299 ரூபாயாகிவிட்டது. இவர்கள் கணக்கில் மாதம் என்றால் 28 நாள் என்பதால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் ஓர் எண்ணுக்கு 780 ரூபாயும், நான்கு எண்களுக்கும் சேர்த்து 3,120 ரூபாயும் கூடுதலாகச் செலவாகிறது. எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு சிறிய நிறுவனம் ஒன்றுக்குப் போய்விடலாமா என்று அப்போதே எழுந்த பேச்சு, இப்போது மறுபடியும் வீட்டில் தலைதூக்கியிருக்கிறது.

நால்வரின் தேவையும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல். எனக்கு ஒயிட்ஃபீல்டில் அலுவலகம். வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. கணவர் விற்பனைப் பிரதிநிதி என்பதால் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். மகள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாமியாருக்குப் பேசுவதற்கு மட்டுமே கைப்பேசி வேண்டும். மாறியவர்கள், மாறிவிட்டுத் திரும்பியவர்கள், மாறாமலே இருந்துவிட்டவர்கள் என யாராக இருந்தாலும் தங்களுக்கு நேர்ந்ததை எழுதினால் உதவியாக இருக்கும். எந்த நிறுவனம் உயர்ந்தது என்ற வழக்கு வேண்டாம். அதற்கு வேறு இடங்கள் நிறையவே உள்ளன.

அல்சூர், ஓய்வு பெற்றவர்:

அம்மா, நான் மாறியவன். என் எண் தமிழ்நாட்டு வட்டத்தில், அதாவது தமிழ்நாட்டுக்கான தொலைத்தொடர்புச் சேவைப் பகுதியில், வாங்கிய பழைய எண். வட்டம் விட்டு வட்டம் மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி 2015 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பு, அதாவது 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த மாற்றல் வசதி, ஒரே வட்டத்துக்குள் மட்டுமே செல்லும். ஆகவே பல ஆண்டுகளாக ரோமிங்கில் இருந்த எண்ணை, கர்நாடக வட்டத்தில் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டேன்.

நடைமுறை எளிதுதான். போர்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, நம் எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். திரும்பி வரும் குறியீட்டைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்க வேண்டும். அது நான்கு நாட்களுக்குத்தான் செல்லும் என்பதால், கடைக்குப் போகும் நாளை முடிவு செய்துகொண்டு அனுப்புவது நல்லது. வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாட்களும், வட்டம் மாறினால் ஐந்து வேலை நாட்களும் ஆகும். இப்போதிருக்கும் நிறுவனத்தில் சேர்ந்து 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும்; போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக்கூடாது. தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாட்களுக்குக் குறியீடு கிடைக்காது. மோசடிகளைத் தடுக்க 2024 ஜூலையிலிருந்து இந்த விதி நடைமுறையில் உள்ளது.

குறியீடு வந்த அன்றே பழைய நிறுவனத்திலிருந்து அழைப்புகள் தொடங்கின. நான் கேட்டிராத சலுகைகளெல்லாம் அன்று என்னைத் தேடி வந்தன. பிரிந்து போகிறவனிடம்தான் இவர்களுக்குப் பாசம் பொங்குகிறது போலும். மறுத்துவிட்டேன். ஓர் இரவு பழைய சிம்மின் சிக்னல் கோடுகள் மறைந்து, சேவை இல்லை என்று திரையில் வந்தது. சிம் தட்டைத் திறக்கும் ஊசி எங்கோ போய்விட்டதால், என் மனைவியின் தோட்டுத் தண்டால் குத்தித் திறந்து புதிய சிம்மைச் செருகினேன்; விடிவதற்குள் எண் உயிர் பெற்றுவிட்டது.

ஒன்று மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சிம் மாறியதும் பணம் அனுப்பும் செயலிகள் மறுபடியும் பதிவு செய்யச் சொல்லும். அதற்கு நம் கைப்பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே போக வேண்டும். புதிய சிம்மில் நான் போட்டிருந்த மலிவுத் திட்டத்தில் குறுஞ்செய்தி வசதி இல்லாததால் அது போகவில்லை. கூடுதலாக ரீசார்ஜ் செய்த பிறகே வங்கிக் கணக்கு இணைந்தது.

எலக்ட்ரானிக் சிட்டி:

ஐயா சொன்ன நடைமுறை முழுவதும் சரி. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்பது என் கருத்து. எண்ணை மாற்றிவிட்டால் மறுபடியும் வெளியேற 90 நாட்கள் காத்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் நான் எண்ணை மாற்றவில்லை. அந்தச் சிறிய நிறுவனத்தின் புதிய சிம் ஒன்றைக் குறைந்த விலைத் திட்டத்தோடு வாங்கி, கைப்பேசியின் இரண்டாவது சிம் இடத்தில் போட்டு, டேட்டாவை மட்டும் அதற்குத் திருப்பிவிட்டு, வழக்கமாக நான் போகும் இடங்களிலெல்லாம் கவனித்துவந்தேன்.

மஞ்சள் தட மெட்ரோ முழுவதும் மேம்பாலத்தில் ஓடுவதால் அங்கே தடங்கல் எதுவும் இல்லை. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, நேஷனல் காலேஜ் நிலையத்தைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியதும் புதிய சிம்மின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, கே.ஆர். மார்க்கெட், சிக்பேட், மெஜஸ்டிக் மூன்றிலும் டேட்டா வரவில்லை. பழைய சிம் அதே இடங்களில் வேலை செய்தது. சுரங்கத்துக்குள் வெளியே உள்ள டவரின் அலை எட்டாது; நிலையத்துக்கு உள்ளேயே தனிக் கருவிகளை வைத்துச் சிக்னலைக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவைச் செய்த நிறுவனத்துக்கு மட்டுமே அங்கே சிக்னல் இருக்கும். பெரிய வணிக வளாகங்களின் தரைக்கீழ் வாகன நிறுத்தங்களிலும் இதே நிலைமைதான்.

வீட்டில் கண்டது எனக்கே வியப்பு. இரவு ஒன்பது மணிக்கு மேல், அடுக்குமாடி முழுவதும் படம் பார்க்கத் தொடங்கும் நேரத்தில், பெரிய நிறுவனத்தின் வேகம் படுத்துவிடும். சிறிய நிறுவனத்தின் டவரில் கூட்டம் குறைவு என்பதால் அதன் வேகம் அப்படியே நின்றது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியில் இரண்டையும் மாற்றி மாற்றி அளந்து பார்த்தேன். ஆனால் அதே வீட்டில், பால்கனியிலிருந்து உள்ளே சமையலறைக்குப் போனால் சிறிய நிறுவனத்தின் சிக்னல் அறுந்துவிடும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவரைத் துளைத்து உள்ளே வரும். 2300, 2500 போன்றவை கான்கிரீட்டில் பெரிதும் வலுவிழந்துவிடும். ஒரு நிறுவனத்திடம் நம் வட்டாரத்தில் எந்த அலைவரிசை இருக்கிறது, அதன் டவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பவை விளம்பரத்தில் வராது. டிராய் 2024இல் திருத்திய சேவைத் தர விதிகளின்படி, நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் சேவைப் பரப்பு வரைபடத்தை வெளியிட்டாக வேண்டும். அதைப் பார்க்கலாம், ஆனால் உங்கள் சமையலறை அந்த வரைபடத்தில் இருக்காது.

கைப்பேசியையும் சோதிக்க வேண்டும். திரையில் 4ஜி என்று தெரிந்தும், அழைப்பு வந்தவுடன் என் கைப்பேசி 2ஜிக்கு இறங்கி, பேசி முடிக்கும்வரை டேட்டா நின்றுவிட்டது. 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்டி வசதி, அந்த நிறுவனத்துக்கு அமைப்புகளில் அணைந்து கிடந்ததே காரணம், இயக்கியதும் சரியாயிற்று. சில பழைய மாடல்களில் அந்த நிறுவனத்துக்கான மென்பொருளே இருப்பதில்லை. அப்படியிருந்தால் டவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

முடிவில் நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன். பழைய எண்ணில் பேசுவதற்கு மட்டுமான திட்டம், புதிய எண்ணில் டேட்டா. டேட்டா தேவைப்படாதவர்களுக்குத் தனியாகப் பேச்சு, குறுஞ்செய்தித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்த பிறகு இது சாத்தியமாயிற்று.

ஸ்ரீராமபுரம், கடை வைத்திருப்பவர்:

நான் மாறிவிட்டுத் திரும்பியவன். என் கடை சந்துக்குள், இரண்டு மாடிக் கட்டடத்தின் கீழே இருக்கிறது. பணம் வந்ததும் குரல் கொடுக்கும் பெட்டிக்கு உள்ளேயே தனி சிம் இருப்பதால், என் எண்ணை மாற்றினாலும் வியாபாரம் பாதிக்காது என்று கணக்குப் போட்டேன். அந்தப் பெட்டி வாய் திறக்காத நேரங்களில் கைப்பேசியைப் பார்த்துத்தானே பணம் வந்ததா என்று உறுதி செய்ய வேண்டும்? வாடிக்கையாளர் தன் திரையைக் காட்டியபடி நிற்பார். என் கைப்பேசியில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாலை நேரக் கூட்டத்தில் நம்பி அனுப்புவதா, நிறுத்தி வைப்பதா என்று ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், டவர் பராமரிப்பு நடக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்ற ஒரே பதில்தான். 90 நாள் முடிந்ததும் திரும்பிவிட்டேன். எண்ணை வைத்துப் பிழைப்பவர்கள் அந்த எண்ணில் சோதனை செய்ய வேண்டாம். தம்பி சொன்னதுபோல் இரண்டாவது சிம்மில் செய்து பாருங்கள்.

ஜவ்வாது மலைப் பக்கம், இப்போது கே.ஆர். புரம்:

இங்கே எல்லோரும் பெங்களூரு சிக்னலையே பேசுகிறீர்கள். எங்கள் ஊர், ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பெங்களூரில் பறக்கும் 5ஜி சிம், அங்கே போனால் நேரம் பார்க்கத்தான் உதவும். எங்கள் ஊரில் வேலை செய்வது பிஎஸ்என்எல் மட்டுமே. தனியாருக்கு ஆதாயம் இல்லாத இப்படிப்பட்ட ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்லவே 2022இல் ஒன்றிய அரசு 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒப்புக்கொண்டு, அதை பிஎஸ்என்எல்லிடம் ஒப்படைத்தது. 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலேயே அமைந்த 4ஜி சேவையை முறைப்படி தொடங்கியது. ஆகவே நகரத்தில் சிறியது என்று நாம் சொல்லும் நிறுவனம், எங்கள் மலையில் பெரிய நிறுவனம். சகோதரி, உங்கள் மாமியார் திருவிழா, அறுவடை என்று ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறவரா? அப்படியென்றால் அவருடைய சிம்மை முடிவு செய்ய வேண்டியது அந்த ஊர் டவர்தான்.

மும்பையில் நெடுங்காலம் இருந்தவர்:

சிறிய நிறுவனம் மூடிவிட்டால் எண் போய்விடுமே என்ற அச்சத்தை யாரும் இங்கே எழுதவில்லை. ஆனால் எல்லார் மனத்திலும் அது இருக்கும். நான் செம்பூரில் இருந்தபோது லூப் மொபைல் வைத்திருந்தேன். பிபிஎல் என்ற பெயரில் மும்பையில் முதலில் வந்த செல்பேசிச் சேவைகளில் ஒன்று அது. உரிமக் காலம் 2014 நவம்பர் இறுதியில் முடிய, ஏர்டெல் வாங்குவதாக இருந்த ஒப்பந்தமும் அதே மாதம் கைவிடப்பட்டது. முன்கூட்டியே மாறிக்கொண்டதால் என் எண் இன்றுவரை என்னிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏர்செல் 2018 பிப்ரவரி இறுதியில் திவால் நடவடிக்கைக்குப் போனபோதும், வாடிக்கையாளர்கள் எண்ணோடு வெளியேற டிராய் அவகாசம் வாங்கிக் கொடுத்தது. ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தால் இந்த அலைச்சல்கூட இல்லை. டாட்டா டோகோமோ 2019இல் ஏர்டெல்லோடு சேர்ந்தபோது, பலர் சிம்மைக்கூட மாற்றாமல் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

இப்போது மீதி இருப்பவை மூன்று தனியார் நிறுவனங்களும் ஓர் அரசு நிறுவனமும்தான். தனியாரில் சிறியதான வோடஃபோன் ஐடியாவிலும் 2025இல் அரசுக்குத் தர வேண்டிய நிலுவைத் தொகை பங்குகளாக மாற்றப்பட்டதால், ஒன்றிய அரசுக்கு ஏறத்தாழ 49 சதவீதப் பங்கு இருக்கிறது. நாளைக்கே யாரும் கதவை மூடிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் கவலை வேறு. 2024இல் கட்டணம் உயர்ந்ததும் பிஎஸ்என்எல்லுக்குச் சில மாதங்கள் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறியது. நவம்பரில் மறுபடியும் இறங்கத் தொடங்கிவிட்டது. விலையை மட்டும் பார்த்துப் போகிறவர்கள் நிலைத்து நிற்பதில்லை என்றே நான் அதைப் படிக்கிறேன்.

பானசவாடி:

எல்லோருக்கும் நன்றி. மாமியார் தருமபுரிக்கு அடிக்கடி போகிறவர். அங்கே அக்கம்பக்கத்தில் எது எடுக்கிறது என்று கேட்டுவிட்டு, அவருடைய எண்ணை மட்டும் மாற்றப் போகிறோம். நானும் மகளும் இரண்டாவது சிம் வாங்கிப் பார்க்கிறோம். கணவரின் எண்ணைத் தொடுவதாக இல்லை. கடைக்காரர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அல்சூர், ஓய்வு பெற்றவர்:

அம்மா, மாமியாரின் எண்ணை மாற்றும்போது கவனிக்க ஒன்று. ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் நாட்களும் பணமும் புதிய நிறுவனத்துக்கு வந்து சேராது. நேற்று ரீசார்ஜ் செய்துவிட்டு இன்று மாற்றினால் அவ்வளவும் நஷ்டம். அதற்காகத் திட்டம் முடிந்து அழைப்பு நின்றுபோகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ரீசார்ஜ் இல்லாத எண்ணிலிருந்தும் 1900க்கான குறுஞ்செய்தியை அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது என்றாலும், மாற்றம் முடியும்வரை ஓடிபி வந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா? திட்டம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது குறியீட்டை வாங்குங்கள். இடையில் தொடர் விடுமுறை வருகிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அவர்கள் எண்ணுவது வேலை நாட்களை மட்டுமே. தருமபுரி என்பதால் இன்னொன்று: அவருடைய எண் எந்த வட்டத்தில் வாங்கியது என்று பார்த்துக்கொண்டு, எந்த ஊர்க் கடையில் விண்ணப்பிப்பது என்பதை அதன்படி முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டு எண்ணாக இருந்து தமிழ்நாட்டிலேயே கொடுத்தால் மூன்று வேலை நாட்களில் வேலை முடிந்துவிடும்.