எல் பிராக்கெட் மூலையில் கேட்ட அந்த ‘டிக்’: காம்போசிட் டிசைன் ஆட்களின் அனுபவப் பகிர்வு

கோணமாணி:
உள்சட்டமான ரிப்பையும் மேலோடான ஸ்கின்னையும் பிணைக்கிற, கார்பன் ஃபைபர் அடுக்குகளை ரெசினில் ஒட்டிச் செய்த எல் பிராக்கெட். டூல், அதாவது அச்சு, சரியாக 90 டிகிரி. 180 டிகிரி செல்சியஸில் க்யூர் ஆகி (ரெசின் சூட்டில் இறுகி) வந்த பாகமோ 88.9. 60 மி.மீ. ஃபிளாஞ்சின் (எல்லின் ஒரு கை) நுனியில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேலே இடைவெளி. இடைவெளியை நிரப்பும் ஷிம் போடாமல் ஃபாஸ்டனரை முறுக்கிவிட்டார்கள். பாதி டார்க் (முறுக்குவிசை) ஏறுவதற்குள் மூலையிலிருந்து ‘டிக்’. மேலே ஒரு கீறல்கூட இல்லை. அல்ட்ராசோனிக்கில் பார்த்தால் வளைவு நெடுக அடுக்குகள் பிரிந்து கிடக்கின்றன. மடங்கிய மூலையை விரித்தால் அடுக்குகளைப் பிய்க்கும் விசை வரும். அந்தத் திசையில் தாங்க ஃபைபர் ஏது, வெறும் ரெசின்தான்.

ஆட்டோக்ளேவ் அண்ணன்:
90 டூலில் 90 பாகம் வரும் என்று நம்பியதே தப்பு. லேமினேட், அதாவது அடுக்குகள் ஒட்டிய தகடு, தடிமன் வாக்கில் விரிவது, தளவாக்கில் விரிவதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. 160 டிகிரி குளிரும்போது அதிலேயே அரை டிகிரி போய்விடும். க்யூர் சுருக்கம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சரி, டூலை 91 ஆக வெட்டினால் தீர்ந்ததா? இல்லை. லேயப் (அடுக்குகளின் கோண வரிசை) மாறினால் மூலைக் கோணமும் மாறும். அதே லேயப், அதே டூல் உலோகம், அதே க்யூர் சைக்கிளில் குறைந்தது மூன்று சோதனைத் துண்டு போட்டு அளந்துவிட்டு டூலை வெட்டுங்கள். பெண் டூல் (உட்குழிந்த அச்சு) என்றால் மூலையில் ப்ரீப்ரெக் (ரெசின் ஊறிய ஃபைபர் தாள்) ஒட்டாமல் பாலம் கட்டி நிற்கும், அடியில் ரெசின் தேங்கும். மூன்று நான்கு அடுக்குக்கு ஒருமுறை வேக்யூமில் அழுத்தி டீபல்க் செய்யுங்கள். ஆண் டூலில் (புடைத்த அச்சு) மூலை மெலியும், அது வேறு தலைவலி. அசெம்பிளியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விடாமல் யாரையும் ஸ்பேனரைத் தொட விடாதீர்கள். சின்ன இடைவெளிக்கு லிக்விட் ஷிம், ஒரு மி.மீ. அளவுக்குப் போனால் சாலிட் ஷிம்.

பிளை45:
அண்ணே, எல்லாப் பழியும் டூல் மேலேயே போடாதீங்க. 8 அடுக்குத் தட்டைப் பேனல், ஃபைபர் கோணம் 45/0/-45/90, பிறகு அதே வரிசை தலைகீழாக. கடைசி 45 அடுக்கைப் பேக்கிங் பேப்பர் பக்கம் மாற்றித் திருப்பி ஒட்டியதில் அது -45 ஆகிவிட்டது. மேசையில் வைத்தால் எதிரெதிர் மூலை இரண்டும் தூக்கிக்கொண்டு, பொரித்த அப்பளம் மாதிரி ஆடியது. இடது பாகத்தை கேட் (CAD) மென்பொருளில் மிரர் செய்து வலது பாகம் எடுக்கும்போதும் இதே வில்லங்கம்தான். வடிவம் திரும்பும், ஃபைபர் கோணத்தைக் காட்டும் ரோசெட் திரும்பியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கோணமாணி:
அப்பளம் கண்ணுக்காவது தெரியும் தம்பி. இடைவெளி தெரியாது. போயிங் 787 விமான உடற்பகுதி இணைப்புகளில் பேசப்பட்ட வரம்பு 0.005 அங்குலம், அதாவது 0.13 மி.மீ.கூட இல்லை.

ஆட்டோக்ளேவ் அண்ணன்:
அந்தப் பிராக்கெட் டிராயிங்கில் ஷிம் நோட் இருந்ததா இல்லையா?

கோணமாணி:
இருந்தது. “தேவைப்பட்டால் ஷிம் இடவும்.” எத்தனை மி.மீ. வந்தால் தேவை என்று மட்டும் எழுதவில்லை.