மறு: கன்டென்ட் ஆடிட், கன்டென்ட் மாடல் – தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நிறுவனத்தின் எழுத்தையும் படத்தையும் (கன்டென்ட், அதாவது உள்ளடக்கம்) ஒழுங்குபடுத்தும் வேலையில் வரும் கன்டென்ட் ஆடிட், கன்டென்ட் மாடல் என்ற சொற்களுக்குத் தமிழ் என்ன என்று இந்த மடற்குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆடிட் என்பது இருப்பதைச் சோதித்துப் பார்ப்பது, மாடல் என்பது ஒவ்வொரு வகை எழுத்துக்கும் என்னென்ன பகுதி வேண்டும் என்று வகுப்பது. நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஆடிட் என்றால் தணிக்கைதானே, ‘உள்ளடக்கத் தணிக்கை’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

இது ஒன்றை மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பணமும் கணக்கும் பக்கத்தில் இருந்தால்தான் ‘தணிக்கை’ ஆடிட். எழுத்தோ படமோ பக்கத்தில் வந்துவிட்டால் அது சென்சார். தணிக்கைச் சான்றிதழ் என்றால் நாம் எல்லோரும் சினிமாவைத்தான் நினைக்கிறோம், பத்திரிகைத் தணிக்கை என்றால் 1975 நெருக்கடி நிலையைத்தான் நினைக்கிறோம். உள்ளடக்கம் என்பது எழுத்தும் படமும்தான். ஓர் அலுவலகத்தில் ‘அடுத்த மாதம் உள்ளடக்கத் தணிக்கை தொடங்கும்’ என்று சுற்றறிக்கை போனால், அங்கே எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தில் கத்தரி விழப்போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இந்த வேலை ஒரு அடி நகராது.

சொல்லைப் பேசுவதற்கு முன் வேலை என்னவென்று ஒருமுறை பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த மடல் இழையில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் குழம்பிவிட்டன. முதலில், நிறுவனத்திடம் என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்கள், எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று வரிசையாக எழுதி வைப்பது. அது இன்வென்டரி. அதற்கப்புறம் அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்து, எது காலாவதியானது, எது இரண்டு இடத்தில் வேறு வேறாகச் சொல்கிறது, எது ஒரே விஷயத்தின் ஐந்து நகல் என்று தீர்ப்புச் சொல்வது. அதுதான் ஆடிட். மறுபயன்பாட்டை, அதாவது ஒருமுறை எழுதியதைப் பல இடங்களில் பயன்படுத்துவதை, நோக்கிச் செய்யும் ஆடிட்டில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டு பத்தியும் அச்சு அசல் ஒன்றா, கிட்டத்தட்ட ஒன்றா, உண்மையிலேயே வேறா?

மூன்று மிக்ஸி கையேடுகளில் வரும் வாக்கியங்கள் என்று வைத்துக்கொள்வோம்:

‘ஜாரைக் கழற்றும் முன் சுவிட்சை அணைக்கவும்.’
‘ஜாரைக் கழற்றுவதற்கு முன்பாக மின் சுவிட்சை அணைத்துவிடவும்.’
‘மோட்டார் முழுவதுமாக நின்ற பிறகே ஜாரைக் கழற்றவும்.’

முதல் இரண்டும் ஒன்றே, எழுதியவர் வேறு என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்புக்குப் போகும்போது இவை இரண்டு வாக்கியங்கள். பத்து மொழியில் கையேடு வருகிறது என்றால் ஒரே விஷயத்துக்கு இருபது மொழிபெயர்ப்பு, இருபதுக்கும் கூலி, அப்புறம் ஒன்றைத் திருத்தினால் மற்றதை யாரும் திருத்துவதில்லை. மூன்றாவது அப்படியில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு சில விநாடி சுற்றும், மூன்றாவது வாக்கியம் அதைப் பற்றியது. மேலோட்டமாகப் பார்க்கிறவர் மூன்றையும் ஒன்றாக்கி முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டால் ஒருவர் விரல் போகும். இந்தப் பிரித்தறிதலுக்குத்தான் ஆடிட் என்று பேர். எண்ணுவதோடும் வெட்டுவதோடும் இது முடிவதில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இந்த இழையில் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அம்மா ஒருவர் தன் மடலில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை. இலங்கையில் ஆடிட்டுக்கு ‘கணக்காய்வு’ என்றுதான் வழக்கு, அங்கே ஆடிட்டர் ஜெனரல் ‘கணக்காய்வாளர் தலைமை அதிபதி’. இந்தச் சொல்லில் சென்சார் வாடையே இல்லை. நம் பக்கம் ‘கணக்கெடுப்பு’ ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்கிறோம், பறவைகள் கணக்கெடுப்பு என்கிறோம். இரண்டையும் ஜோடியாக வைத்துப் பாருங்கள்:

இன்வென்டரி – உள்ளடக்கக் கணக்கெடுப்பு
ஆடிட் – உள்ளடக்கக் கணக்காய்வு

முதலில் எடுப்பு, பிறகு ஆய்வு. வேலையின் வரிசை சொல்லிலேயே தெரிகிறது, புதிதாக எதையும் உருவாக்கவும் இல்லை.

> ‘கணக்கு’ என்றாலே காசு என்று நினைப்பார்களே?

பறவைக் கணக்கெடுப்பில் யாரும் அப்படி நினைக்கவில்லை. ‘மதிப்பாய்வு’ என்று இன்னொருவர் சொன்னதையும் யோசித்தேன், நல்ல சொல்தான், ஆனால் அது ரிவியூவுக்குப் போய்விட்டது. எழுதி முடித்த ஒரு கட்டுரையை மேலாளர் பார்ப்பதும் மொத்தக் கிடங்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரே பெயரில் இருக்க முடியாது.

அடுத்தது கன்டென்ட் மாடல். இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ‘உள்ளடக்க மாதிரி’ என்றால் சாம்பிள் என்று படிப்பார்கள், ‘மாதிரி வினாத்தாள்’ போல. ‘படிமம்’ விக்கிப்பீடியாவில் படக்கோப்புக்குப் போய்விட்டது. ‘வார்ப்புரு’ அங்கேயே டெம்ப்ளேட்.

மாடல் என்ன செய்கிறது என்று பாருங்கள். கையேடு போன்றவற்றைச் சிறு துண்டுகளாக எழுதி மறுபடி பயன்படுத்துவதற்கான டிட்டா (DITA) என்கிற தரநிலை, ஐபிஎம் தொடங்கி, தரநிலைகள் வகுக்கும் ஒயாசிஸ் (OASIS) நிறுவனம் 2005இல் ஏற்றுக்கொண்டது, அதன் 1.2ஆம் பதிப்பில் ஆபத்து அறிவிப்புக்கென்றே ஓர் அமைப்பு வந்தது. ஆபத்து எது என்பது கட்டாயம், விளைவு என்ன என்பது இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, தவிர்க்கும் வழி குறைந்தது ஒன்றாவது வேண்டும், வரிசையும் இதேதான். மேலே உள்ள மிக்ஸி வாக்கியங்களை இதற்குள் வைத்துப் பார்த்தால் மூன்றிலுமே ஆபத்து எது என்று சொல்லவில்லை, வழியை மட்டும்தான் சொல்கின்றன என்பது உடனே தெரிந்துவிடும். ‘பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும், விரல் வெட்டுப்படும், மோட்டார் நின்ற பிறகே கழற்றவும்’ என்று எழுதினால் அமைப்பு நிறைவாகிறது. அந்த ஒரு துண்டை எல்லாக் கையேட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த உறுப்பு வேண்டும், எது கட்டாயம், எதற்குப் பின் எது, எப்படி முடிய வேண்டும் – இதற்குத் தமிழில் யாப்பு என்று பெயர். தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்புகளை வரிசைப்படுத்துகிறது. வெண்பாவின் கடைசி அடி மூன்று சீர், முடிவு நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்று, மற்றபடி உள்ளே என்ன பாடினாலும் பாடலாம். கன்டென்ட் மாடலும் இதையேதான் செய்கிறது, எழுதுகிறவர் பொருளில் கை வைக்காமல் வடிவத்தை மட்டும் கட்டுகிறது. அதனால் ‘உள்ளடக்க யாப்பு’ என்று முன்மொழிகிறேன். எச்சரிக்கை யாப்பு, செய்முறை யாப்பு, செய்தி யாப்பு என்று தயக்கமில்லாமல் சேரும், ‘யாப்பு மீறல்’ என்று பிழைச்செய்தியும் எழுதலாம். மாடலிங் என்பதற்கு மட்டும் ‘யாத்தல்’ வேண்டாம், அது எழுதுவதையே குறித்துவிடும். ‘யாப்பு வகுத்தல்’ போதும்.

ரீயூஸ் என்பதற்கு மறுபயன்பாடா மீள்பயன்பாடா என்ற சண்டையில் எனக்கு விருப்பமில்லை, பழகியிருப்பதால் மறுபயன்பாடு. ஆனால் ‘சிஸ்டமேடிக் ரீயூஸ்’ என்பதில் வரும் ‘சிஸ்டமேடிக்’ என்பதற்கு ‘முறையான’ என்று போட்டால் முறைகேடான மறுபயன்பாடு ஒன்று இருப்பதுபோல் ஆகிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பது, எழுதுகிறவர் தேவைப்பட்டபோது தேடி எடுத்துக்கொள்வது. அதில் தவறு ஒன்றுமில்லை, அவர் தேடினால்தான் நடக்கும் என்பதுதான் குறை. இங்கேயோ எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று முன்பே வகுத்துவிடுகிறோம், அது தானாக வந்து அமர்கிறது. ஆக, ‘வகுத்த மறுபயன்பாடு’, ‘தேடிய மறுபயன்பாடு’. யாப்பு வகுத்தலோடும் இது ஒட்டிப்போகிறது.

வெட்டி ஒட்டுவதை எந்த மறுபயன்பாட்டிலும் சேர்க்க வேண்டாம். ஒட்டிய நொடியில் நகல் தனிவழி போய்விடுகிறது. பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், அங்கே நூலின் ஒரு பக்கத்துக்கான தனிப்பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் நூலின் அத்தியாயத்திலும் திருந்தியே வரும், ஏனென்றால் அத்தியாயம் அந்தப் பக்கத்தை அழைத்துக் காட்டுகிறது, நகலெடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இந்த ‘அழைத்துக் காட்டலுக்கு’ நல்ல பெயர்ச்சொல் என்னிடம் இல்லை. விக்கிமூல நண்பர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறீர்கள்? அதை எழுதினால் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.