காலணிப் பசையும் கால் மரத்துப்போதலும்

கேள்வி:
ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பசை தடவும் பிரிவில் வேலை செய்யும் என் அக்காவுக்குச் சில மாதங்களாகப் பாதங்கள் மரத்துப்போகின்றன; செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை என்கிறார். சர்க்கரை நோய் இல்லை. பசை வாடை காரணமாக இருக்குமா?

பதில் 1:
இருக்கலாம். பசைகள் சிலவற்றில் கரைப்பானாக நார்மல் ஹெக்சேன் இருக்கும். மூச்சுவழியே உட்செல்லும் அதைக் கல்லீரல் 2,5-ஹெக்சேன்டயோன் என்ற நச்சுப்பொருளாக மாற்ற, அது நரம்பிழைகளைச் சிதைக்கிறது. நீளமான இழைகள் முதலில் பழுதாவதால் தொல்லை பாதத்தில் தொடங்கிக் கைகளுக்குப் பரவுகிறது. சீனாவின் சூச்சோ நகரில் 2009இல் தொடுதிரைகளை இந்தக் கரைப்பானால் துடைத்த தொழிலாளர்களுக்கும் இதே பாதிப்பு நேர்ந்தது. பசையில் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற இன்னொரு கரைப்பானும் கலந்திருந்தால் நச்சு இன்னும் கடுமையாகும்.

பதில் 2:
பசை டின்னின் லேபிளைப் படமெடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். நரம்புக் கடத்தல் சோதனையோடு வைட்டமின் பி12 அளவையும் பார்ப்பார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே காட்டி, செய்யும் வேலையையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர்கள் பலர் அதைக் கேட்பதே இல்லை.

கேட்டவர்:
நன்றி. துணி முகக்கவசம்தான் தருகிறார்கள். அது போதுமா?

பதில் 1:
போதாது. துணி தூசியை ஓரளவு தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. மேசையருகே காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு வேண்டும். பிரிவை மாற்றிய பிறகும் சில வாரங்கள் முதல் மாதங்கள்வரை மரப்பு கூடக்கூடும், அதன்பின் மெல்லத்தான் குறையும் என்பதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.